நாய்க்கு வேலி வேணுமா?

போன ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து மக கூப்பிட்டாள். பேத்தி ஆறு மாசமா நாய்க்குட்டி வேணும்னு அழிச்சாட்டியம் பண்றாளாம். மாப்பிள்ளைக்கும் ஆசைதான். ஆனா அவங்க இருக்கறது வாடகை வீடு, அதுவும் மாடியில. கீழே சுத்துச்சுவரு கெடையாது, படி இறங்கினா நேரா ரோடு. "நாய் வளத்தறதுன்னா காம்பவுண்டு கட்டாயம் வேணுமாப்பா? நம்ம தோட்டத்துல எந்தக் காலத்துல வேலி போட்டு நாய் வளத்தினோம்? நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டாள்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா சிரிச்சுப்போட்டு, "வேலி ஆட்டுக்குத்தான் கண்ணு, நாய்க்கு எதுக்கு?"ன்னு சொல்லியிருப்பேன். இந்தத் தடவை வாயில பதில் வரலை. ராத்திரி கூப்பிடறேன்னு போனை வெச்சுட்டேன். எங்க செவலை பண்ணின காரியம் அவளுக்கு முழுசாத் தெரியாது. அவகிட்டச் சொல்றதுக்கு முன்னாடி இங்கெ எழுதிப் பார்த்துடலாம்னு உக்காந்திருக்கேன்.

எங்க ஊரு தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் நடுவுல இருக்கற வறக்காடு. எனக்கு நாலு ஏக்கரா. ரெண்டு ஏக்கரா கிணத்துத் தண்ணி பாயும், மீதி ரெண்டும் கொறங்காடு. வெளியூர்க்காரங்களுக்குக் கொறங்காடுன்னா தெரியாது. உழாம, மேய்ச்சலுக்குன்னே விட்ட நிலம் அது. கொழுக்கட்டைப்புல்லு தானா முளைக்கும், ஊடால அங்கங்க வெள்வேல மரம் நிக்கும், சுத்தியும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுக பேரெடுத்ததே இந்தப் புல்லைத் தின்னுதான். வேலி நல்லா இருந்தா ஆட்டை உள்ளெ விட்டுட்டு நாம நம்ம சோலியைப் பாக்கலாம். மேய்க்க ஆள் வேண்டியதில்லை.

கிளுவையைக் குச்சியா வெட்டி நட்டா வேர் பிடிச்சுக்கும். நெருக்கமா நட்டு, ரெண்டு மூணு வருசம் பொறுத்து, அப்பப்பப் படிய வெட்டி விட்டுட்டே இருக்கணும். முள்ளும் மாறும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். எங்கய்யன் காலத்துல எங்க வேலியில கோழிக்குஞ்சு நுழையாது. அவர் பெருமையாச் சொல்லிக்கற நாலு விசயத்துல அது ஒண்ணு. மத்த மூணும் இப்ப வேண்டாம்.

அந்தக் காலத்துலயும் நாய் இருந்தது, கட்டினதில்லை. ஆனா அது எங்கெ இருந்ததுன்னு யோசிச்சுப் பாத்தா இப்பத்தான் எனக்கு ஒண்ணு புரியுது. குட்டியில இருந்தே அது ஆட்டுப்பட்டியிலதான் கெடக்கும். படலுக்குப் பக்கத்துல எங்கய்யன் கயித்துக்கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார், நாய் கட்டிலுக்கு அடியில. ராத்திரி ஆடு செருமினா நாய் தலையைத் தூக்கும், நாய் உறுமினா அய்யன் எழுந்திரிப்பார். காலையில ஆட்டோட கொறங்காட்டுக்குப் போகும், பொழுது விழுந்தா ஆட்டோட திரும்பும். வேலி இல்லைன்னு நாங்க நினைச்சோம். ஒரு ஆளும் ஒரு பட்டியும் அதைச் சுத்தி இருந்ததை யாரும் கணக்குல எடுத்துக்கலை.

இப்ப பட்டியில யாரு படுக்கறாங்க? எட்டரை மணிக்குக் கதவைச் சாத்திட்டு டிவி முன்னாடி உக்காந்துக்கறோம். நான் ஆட்டை வித்துட்டு ரெண்டு மாடு மட்டும் வெச்சு ஏழு வருசமாச்சு. செவலையைப் பகல்ல கட்டுத்தறிக்குப் பக்கத்துல கட்டுவோம், ராத்திரி அவுத்து விடுவோம். எங்க பக்கம் எல்லா வூட்டுலயும் இதுதான் பழக்கம். ராத்திரிக் காவலுக்கு நாய்னு பேரு. அது ராத்திரி எங்கெ காவல் காத்துதுன்னு நான் ஒரு நாளும் போய்ப் பாத்ததில்லை. காலையில வந்து கஞ்சிச் சட்டிக்கிட்ட நிக்கும். போதும்னு விட்டுட்டேன்.

செவலை சாதி நாயெல்லாம் இல்லை. சந்தைக்குப் போற வழியில பாலத்துக்கு அடியில கெடந்த குட்டி. எங்க வூட்டம்மா முந்தானையில சுத்திக் கொண்டாந்தா. பேருக்கேத்த செம்பட்டை நிறம், காது ஒண்ணு மடிஞ்சிருக்கும். எம்மேல வெச்ச பாசத்துக்கு அளவில்லை. பேத்தி லீவுக்கு வந்தா அவ காலடியிலயேதான் கெடக்கும்.

ஆட்டுக்காரங்களுக்கு இந்த நாலஞ்சு வருசமா நாய் பெரிய எமனாப் போச்சு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கமெல்லாம் இதே கதைதான். ராத்திரி நாலஞ்சு நாய் கூட்டு சேந்து பட்டிக்குள்ள பூந்துருது. பசிக்குக் கடிச்சா ஒரு ஆட்டோட போயிரும். இதுக பசிக்குக் கடிக்கறதில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட இதுகளுக்கு வெறி ஏறுது. ஒண்ணை விட்டு ஒண்ணைத் துரத்திக் கழுத்துலயும் தொடையிலயும் கடிச்சுப் போட்டுட்டுப் போகுது. பயத்துல ஒரு மூலையில நெருக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டிச் சாகற ஆடும் உண்டு. கறிக்கடைக் கழிவையும் செத்த கறிக்கோழியையும் ரோட்டோரம் கொட்டிக் கொட்டி நாய்களுக்குப் பச்சை ரத்தத்தைப் பழக்கினதே நாமதான்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கும் அது சரின்னுதான் படுது.

செத்த ஆடுகளை ரோட்டுல போட்டு விவசாயிகள் உக்காந்த போராட்டத்துல ஒரு நாள் நானும் போய் உக்காந்தேன். "தெருநாயை ஒழி"ன்னு தொண்டை கட்டற மட்டும் கத்தினேன். வூட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு, செவலையை அவுத்து விட்டுட்டுப் படுத்தேன். இதை எழுதறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குது.

அது போன வருசம் மாசி மாசம். விடியக்காலம் மாட்டுக்குத் தட்டுப் போட எழுந்து வந்தேன். செவலை கஞ்சிச் சட்டிக்கிட்ட இல்லை. வைக்கோல் போருக்குப் பின்னால படுத்திருந்தது. கூப்பிட்டா வரலை. கிட்டப் போனா வாலை மட்டும் லேசா ஆட்டிட்டு மொகத்தைத் திருப்பிக்குச்சு. நெஞ்சுல இருந்து முன்னங்கால் வரைக்கும் ஈரம். தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டினது. வாயைத் தொறந்து பாத்தேன். பல்லிடுக்குல முடி.

ஆட்டு முடி எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த நேரம் பாத்து கெழக்காலத் தோட்டத்துல இருந்து சத்தம் வந்தது. அழுகைச் சத்தம்கூட இல்லை, ஒரு மாதிரி "அய்யோ, அய்யோ"ன்னு ஒரே சீரா. கெழக்காலத் தோட்டத்து அக்காவுக்கு வூட்டுக்காரர் தவறி ஆறு வருசம் ஆச்சு. இருபத்திரெண்டு உருப்படி ஆடுதான் அவங்க வருமானம். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான், மாசம் ஒரு தடவை வருவான். நான் ஓடினேன். போறதுக்கு முன்னாடி என்ன பண்ணினேன் தெரியுங்களா? செவலையைப் பிடிச்சு, தொட்டித் தண்ணியில கழுவிட்டுப் போனேன். அக்கா ஆட்டைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி நாயைக் கழுவினேன்.

பட்டியில ஆறு ஆடு செத்துக் கெடந்தது. நாலு பெட்டை, அதுல ரெண்டு செனை. ரெண்டு குட்டி. இன்னும் மூணு உசுரோட, தொடை கிழிஞ்சு நடுங்கிட்டு நின்னது. அக்கா ஒரு குட்டியை மடியில போட்டுட்டு மண்ணுல உக்காந்திருந்தாங்க. வந்தவங்க எல்லாரும் பழைய பாட்டையே பாடினாங்க. தெருநாய், தெருநாய், கேக்க நாதியில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

படலுக்கு வெளியில கிளுவை வேலியில ஒரு சந்து, ஒரு நாய் குனிஞ்சு போற அளவுக்கு. எங்க ரெண்டு பேர் காட்டுக்கும் பொதுவேலி அது. வெட்டிவிட ஆள் கெடைக்கலைன்னு மூணு வருசமா நானும் அக்காவும் மாத்தி மாத்திச் சொல்லிட்டு விட்ட வேலி. அடியில பட்டுப்போய்ச் சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்து என் பக்கம் பார்த்துத்தான் இருந்தது.

கால்நடை டாக்டர் வந்து பாத்தார். கிராம நிர்வாக அலுவலரும் வந்தார். தெருநாய் கடிச்சுச் செத்த ஆட்டுக்கு அரசாங்கம் நிவாரணம் தரணும்னு ஊரெல்லாம் பேச்சா இருந்த சமயம். தெருநாய்னு எழுதி மனு போடச் சொன்னாங்க. அப்ப எம்மனசுல ஓடினதை ஒளிக்காமச் சொல்லிடறேன். நான் வாயைத் தொறக்காம இருந்தா அக்காவுக்கு அரசாங்கப் பணம் கெடைக்கலாம். தொறந்தா எங்கிட்ட இருந்து மட்டும்தான் கெடைக்கும். அப்போ பேசாம இருக்கறது அக்காவுக்கும் நல்லதுதானேன்னு ஒரு கணக்குப் போட்டேன் பாருங்க. மனுசன் தன்னைக் காப்பாத்திக்க எவ்வளவு நல்லவனா ஆயிடறான்!

வூட்டம்மாகிட்ட மட்டும் மத்தியானம் சொன்னேன். அவ ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "கூட நாலு நாய் போயிருக்கும். அதுகளுக்கெல்லாம் வூடு இல்லியா? அவங்க சொல்றாங்களா?"ன்னா. அது நெசந்தான். ஊருக்குள்ள கேட்டுப் பாத்தா எல்லா நாய்க்கும் ஒரு சட்டி இருக்குது, சோறு ஊத்த ஒரு கை இருக்குது. ஆடு செத்தா மட்டும் எல்லாம் தெருநாய் ஆயிருது.

ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மூணாம் நாள் பொழுது விழுந்ததும் போனேன். அக்கா திண்ணையில உக்காந்து, காயம்பட்ட ஆட்டுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுட்டு இருந்தாங்க. நான் நின்னுட்டே சொல்லிட்டேன். "அக்கா, எங்க செவலையும் அதுல இருந்துதுங்க. நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லலை."

திட்டுவாங்கன்னு நினைச்சேன், மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு நினைச்சேன். அக்கா குழைக்கறதை நிறுத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"இன்னிக்கி ராத்திரி அது எங்கெ இருக்கும், தம்பி?"

பணத்தைப் பத்திக் கேட்டிருந்தா பதில் வெச்சிருந்தேன். இதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை. ஏன்னா, அந்த நாய் எந்த ராத்திரி எங்கெ இருந்ததுன்னு எனக்கு எட்டு வருசமாவே தெரியாது.

பணம் 38,000 பேசி முடிச்சோம். அக்கா கேட்டது கம்மிதான், ரெண்டு செனை ஆட்டை நானே சேத்துச் சொன்னேன். ஒரு கெடாரிக் கன்னை வித்துக் குடுத்தேன். நிவாரண மனுவை அக்கா போடலை. அது அவங்க முடிவு, நான் எதுவும் சொல்லலை.

ஊருக்குள்ள சொன்ன யோசனை ரெண்டு. ஆட்டு ரத்தம் ருசிச்ச நாய் திருந்தாது, மருந்து வெச்சு முடிச்சிரு. இல்லாட்டி வண்டியில போட்டுத் தாராபுரம் தாண்டி விட்டுட்டு வந்திரு. முதல் யோசனைக்கு எங்கை வரலை. ரெண்டாவதைப் பத்தி ரெண்டு நாள் யோசிச்சேன். செவலையே பாலத்துக்கு அடியில யாரோ விட்டுட்டுப் போன குட்டிதானே? நான் கொண்டுபோய் விட்டா அது வேற எவன் பட்டிக்கோ போகும். அங்கெ அதுக்குப் பேரு தெருநாய்.

சரி, கட்டிப் போட்டா ஆச்சுன்னு கட்டினேன். ராப்பகலா சங்கிலி. நாலு மாசம். இதுதான் நான் பண்ணின ரெண்டாவது தப்பு.

சங்கிலியில கெடக்கற நாய் வேற நாயா மாறிடுது. முதல் மாசம் ஊளை விட்டுது. ரெண்டாம் மாசம் சங்கிலி எட்டற தூரத்துக்கு மண்ணுல வட்டமாப் பள்ளம் விழுந்தது. மூணாம் மாசம் நிழல் அசைஞ்சாக் கொலைச்சுது. நாலாம் மாசம், எட்டு வருசமா அதுக்குத் தெரிஞ்ச பால்காரரைக் கெண்டைக்கால்ல கடிச்சுருச்சு. வட்டத்துக்குள்ள கேனை வைக்கக் குனிஞ்சார், அவ்வளவுதான்.

உடனே குழாயடியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் காயத்தைக் கழுவச் சொன்னேன். இது எல்லாரும் மனசுல வெச்சுக்க வேண்டிய விசயம். மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாய்ப்பொடின்னு எதையும் அப்பக்கூடாது. செவலைக்கு வருசா வருசம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கேன், சீட்டும் இருக்குது. இருந்தாலும் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நாலு தடவையும் என் வண்டியிலதான். ஊசி இலவசம்தான், ஆனா அவர் நாலு காலைப் பொழப்பு போச்சு. அதையும் குடுத்தேன். கச்சேரியில குமாஸ்தாவா இருக்கற என் சகலை சொன்னார், புதுச் சட்டத்துல 291ன்னு ஒரு பிரிவு இருக்குதாம். வளத்தற பிராணியால மனுசனுக்கு ஆபத்து வராமப் பாத்துக்காத சொந்தக்காரனுக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். பால்காரர் நல்ல மனுசன், போலீசுக்குப் போகலை.

கால்நடை டாக்டர்கிட்டப் போய் நின்னேன். அவர் என்னைத்தான் திட்டினார். "நாயை நாள் முழுக்கக் கட்டி வெக்கறது குத்தம்னு 1960ஆம் வருசச் சட்டத்துலயே இருக்குது, தெரியுமா உங்களுக்கு? கட்டியே வெச்சிருக்கற நாயை நடத்திக் கூட்டிட்டுப் போகாட்டி அதுவும் குத்தம்"னார். மிருகவதைத் தடுப்புச் சட்டம். எனக்கு அது பொறக்கறதுக்கு முன்னாடி வந்த சட்டம், இன்னிக்கி வரைக்கும் எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் மெதுவாக் கேட்டார், "கருத்தடை பண்ணிட்டீங்களா?" இல்லைன்னேன். கெடாக்குட்டிக்குக் காயடிக்கறோம், காளைக்கு அடிக்கறோம், ஒரு நிமிசம் யோசிக்கறதில்லை. நாய்க்குன்னா மட்டும் பாவம்னு கை நடுங்குது. பொட்டை நாய் வாசத்துக்குத்தான் ஆண் நாய் காடு காடாச் சுத்தறது, அங்கெதான் கூட்டு சேர்றதுன்னு அவர் சொன்னதும் செஞ்சுட்டேன். ஒரு வாரத்துல எழுந்து நடந்தது. குணம் உடனே மாறலை, மூணு மாசம் ஆச்சு.

அதுக்கப்புறம்தான் வேலி.

கிளுவை நடலாம்னுதான் முதல்ல ஆசை. அது நாய் நுழையாத வேலியா ஆகறதுக்கு வருசக்கணக்காகும், அக்கா கேட்டது இன்னிக்கி ராத்திரியைப் பத்தி. அதனால வூட்டையும் கட்டுத்தறியையும் சேத்துப் பத்து சென்டுக்குக் கல்லுக்கால் நட்டு, அஞ்சடி உசரக் கம்பிவலை போட்டேன். கல்லு, வலை, கூலி எல்லாம் சேத்து 55,000க்குக் கொஞ்சம் மேல ஆச்சு. எனக்கு இது சின்னப் பணம் இல்லை. வூட்டம்மா ஒரு வளையலைக் கழட்டிக் குடுத்தா. "நாய்க்கு நகையை அடகு வெச்ச மொத ஆளு நீதான்யா"ன்னு டீக்கடையில சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

வேலி போட்டா முடிஞ்சதுன்னு நினைச்சேன். அஞ்சாம் நாள் வலைக்கு அடியில பறிச்சுட்டு வெளிய போயிருச்சு. விடிய விடிய டார்ச்சு வெச்சுத் தேடினேன். நேரா அக்கா பட்டிப் பக்கம்தான் முதல்ல ஓடினேன். அங்கெ இல்லை. ஊர் டேங்குக்கிட்ட மத்த நாய்களோட நின்னுட்டு இருந்தது, என்னைப் பாத்ததும் ஓடி வந்துச்சு. அடுத்த நாளே வலையோரமா அரையடி தோண்டி உடைஞ்ச பலகைக்கல்லைப் படுக்க வெச்சு மண்ணைத் தள்ளினேன். அதுக்கப்புறம் பறிக்கலை. பத்து நாள் கழிச்சு, தண்ணித் தொட்டி மேல ஏறி அங்கிருந்து வேலியைத் தாண்டிக் குதிச்சுது. தொட்டியை நகத்த முடியாது, அந்த எடத்துல மட்டும் வலையை ரெண்டடி ஏத்திக் கட்டினேன். மூணாவது தடவை போனது நாய் மேல தப்பில்லை. உரக்கடைப் பையன் கேட்டைச் சாத்தாமப் போயிட்டான். வேலிக்கு எவ்வளவு செலவு பண்ணினாலும் கேட்டு ஒண்ணு தொறந்து கெடந்தா அத்தனையும் வீண். இப்ப கேட்டுல ஒரு கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்கேன். தொறந்து விட்டாத் தானா இழுத்துச் சாத்திக்கும். எங்க பழைய படல்ல அய்யன் வெச்சிருந்த அதே வித்தைதான்.

வேலிக்குள்ள செவலை சும்மா இருந்துதான்னு கேட்டீங்கன்னா, இல்லை. பத்து சென்டு எடத்துல எல்லா மூலையும் அதுக்கு ரெண்டு நாள்ல அத்துப்படி ஆயிருச்சு. அப்புறம் கேட்டு முன்னாடி படுத்துட்டு ரோட்டையே பாத்துட்டு இருக்கும். அந்தப் பார்வை சங்கிலியில இருந்தப்போ பாத்த பார்வைதான். அப்பத்தான் டாக்டர் சொன்னது உறைச்சது. காலையில மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டறப்போ கயித்துல பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். சாயங்காலம் ஒரு நடை, வாய்க்கால் மேடு வரைக்கும். ஐம்பத்தாறு வயசுல நாயைக் கயித்துல பிடிச்சுட்டு நடக்கறது எங்க ஊர்ல பாக்காத காட்சி. "ஏனுங்க, டவுன்காரராட்டம்?"னு கேட்டாங்க. இப்ப யாரும் கேக்கறதில்லை. எனக்கும் சர்க்கரை கொஞ்சம் எறங்கியிருக்குது, அது வேற சங்கதி.

ஊர்ல வேற யாரும் வேலி போடலை. எல்லாராலயும் முடியாது, அதையும் சொல்லணும். குடிசை வாசல்ல நாய் வெச்சிருக்கறவங்களை 55,000 ரூபாய்க்கு வேலி போடுன்னா எங்கெ போவாங்க? ஆனா பத்துப் பன்னெண்டு பேர் நாய்க்குக் கருத்தடை பண்ணிட்டாங்க. நாலஞ்சு பேர் ராத்திரி திண்ணைக்கு உள்ளார அடைக்கறாங்க. 2025 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றம் தெருநாய்களைப் பத்திச் சொன்ன தீர்ப்பு டிவியில ஓடினப்போ டீக்கடையில ரெண்டு நாள் சண்டை. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடிச்ச எடத்துலயே விடணும், வெறி பிடிச்சதையும் கடிக்கற குணமுள்ளதையும் விடக்கூடாதுன்னு தீர்ப்பு. ஆளாளுக்குக் கத்தினாங்க. நான் கத்தலை. எந்த நாய் தெருநாய்னு முடிவு பண்ற யோக்கியதை எனக்கு இன்னும் வரலைன்னு பேசாம டீயைக் குடிச்சேன்.

பொதுவேலியை நானும் அக்காவும் இந்த ஐப்பசிக்கு முன்னாடி சேந்து வெட்டிப் படிய விட்டோம். பட்டுப்போன எடத்துல புதுக் கிளுவைக்குச்சி நட்டிருக்கோம். முக்காவாசி துளிர்த்திருக்குது. அக்கா பட்டியில இப்ப பதினெட்டு உருப்படி.

ராத்திரி மகளைக் கூப்பிட்டேன். இதையெல்லாம் சொன்னேன். கழுவினதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ காம்பவுண்டு இல்லாம வளத்தக் கூடாதுங்கறீங்களா?"ன்னா.

"அப்படிச் சொல்லலை கண்ணு"ன்னேன். மாடி வூட்டு நாய்க்குச் சுவரு இல்லாட்டிப் பரவாயில்லை, கதவு இருக்குது. ரோட்டுல எறங்கினாக் கையில கயிறு இருக்கணும், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மழை பேஞ்சாலும் நடக்கணும், மாப்பிள்ளைக்கு நைட்டு ஷிப்டுன்னாலும் நடக்கணும். பேத்திக்குப் பரீட்சைன்னு நாய் ஒரு நாள் பொறுத்துக்காது. லீவுக்கு எங்கயாவது போனா யாருகிட்ட விடறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கணும். வெறிநோய்த் தடுப்பூசி மூணு மாசக் குட்டியில ஆரம்பிக்கணும். வூட்டுக்காரம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடணும், ஒளிச்சு வளத்தக் கூடாது. இதையெல்லாம் சொல்லிட்டு, அக்கா எங்கிட்டக் கேட்டதை அவகிட்டக் கேட்டேன். "ஒவ்வொரு ராத்திரியும் அது எங்கெ இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"யோசிச்சுச் சொல்றேம்ப்பா"ன்னா. பின்னாடி பேத்தி, "தாத்தா சரின்னுட்டாரா, சரின்னுட்டாரா?"ன்னு குதிச்சுட்டு இருந்தது கேட்டுச்சு.

பொங்கலுக்கு வர்றாங்க. அதுக்கு முன்னாடி குட்டி எதுவும் வாங்க வேண்டாம், வந்து பத்து நாள் செவலையை ரெண்டு நேரமும் நீயே கயித்துல பிடிச்சுட்டு நட, அப்புறம் பேசலாம்னு பேத்திகிட்டச் சொல்லியிருக்கேன். ஒத்துக்கிட்டா. பத்து நாளும் காலையில அஞ்சரைக்கு எழுந்திரிப்பாளான்னு அவங்கம்மாவுக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

பால்காரர் வண்டிச் சத்தம் கேக்குது. கேட்டுக்கிட்டப் போகணும், அவர் இப்பவும் நான் வந்து நிக்காம உள்ளெ வர்றதில்லை.